தங்கவயலின் ரயில்: போக்குவரத்தா, குடியிருப்பா?

வண்டியையே வீடாக்கிக்கொண்டு வாழும் முறையைப் பற்றிய எழுத்துகளும் காணொளிகளும் அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளன. 'வேன் லைஃப்' என்ற குறிச்சொல்லை 2011ஆம் ஆண்டு புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபாஸ்டர் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க இளைஞர். நியூயார்க்கில் ஆடை நிறுவனம் ஒன்றில் பார்த்துவந்த வேலையைத் துறந்து, ஃபோக்ஸ்வாகன் வேன் ஒன்றில் குடியேறியவர் அவர். இந்தியாவிலும் இதன் எதிரொலி கேட்கிறது. கேரள அரசு 2021இல் 'கேரவன் கேரளா' என்ற சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. படுக்கை, சமையலறை, கழிவறை ஆகியவற்றோடு நகரும் வீடு, விடுதலையின் அடையாளமாகக் காட்டப்படுகிறது.

அதே 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்ற சிற்றூர் மூடப்பட்டது. ஜிப்சம் நிறுவனம் ஒன்று தன் தொழிலாளர்களுக்காக அமைத்த ஊர் அது. ஆலை நின்றது, வீடுகள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்பதால் குடியிருந்தோர் வெளியேறினர், ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணும் நீக்கப்பட்டது. ஜெசிகா ப்ரூடர் 2017இல் வெளியிட்ட 'நோமேட்லேண்ட்' நூல் இவ்வூரைக் குறிப்பிடுகிறது. அந்நூலைத் தழுவி க்ளோயி ஜாவ் இயக்கிய திரைப்படத்தின் தலைமைப் பாத்திரமும் இவ்வூரிலிருந்தே தன் வேனில் புறப்படுகிறது. ஒருவர் விரும்பி வண்டியில் ஏறினார். மற்றவர்கள் வீடு பறிபோனதால் ஏறினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே காட்சியாகத் தெரியும். வண்டி வாழ்க்கையை ஆராய்வோர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

இந்த வேறுபாட்டைச் சிந்திக்கத் தமிழ் ஆய்வாளர்களுக்கு நெவாடாவைவிட அண்மையில் ஒரு களம் உண்டு. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலும் ஒரு நிறுவனம் உருவாக்கிய ஊரே. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த, பெரும்பாலும் தலித் மக்களான உழைப்பாளிகளே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று அந்நிறுவனம் மூடப்பட்டது. அன்றைக்கு வேலையிலிருந்த 3,000க்கும் மேற்பட்டோரும், அவர்களை நம்பியிருந்த கடைகளும் பள்ளிகளும் சங்கங்களும் ஒரே நாளில் ஆதாரத்தை இழந்தன.

எம்பயரில் வேலையோடு வீடும் போயிற்று. தங்கவயலில் வேலை போன பின்பும் மக்கள் பெருமளவில் லைன் வீடுகளிலேயே தங்கினார்கள். உழைக்கும் வயதினர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று திரும்பத் தொடங்கினார்கள். மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று சுரங்கப் பகுதிகளின் பெயர்களையே தாங்கிய நிலையங்களில் ஏறி, பங்காருப்பேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம் வழியாகப் பெருநகரை அடைவது அவர்கள் பாதை. ஏறத்தாழ 85 கிலோமீட்டர். ரயிலில் மட்டும் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். வீட்டிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து வேலையிடத்துக்கும் ஆகும் நேரம் தனி. காவலாளி, செவிலியர், ஆலைத் தொழிலாளி, கடை ஊழியர், அலுவலக எழுத்தர், கட்டட வேலையாள் எனப் பல தொழிலினர் இந்தப் பெட்டிகளை நிறைக்கிறார்கள். 1894இல் சுரங்கத்துக்காகப் போடப்பட்ட கிளைப்பாதை இது. அன்று இயந்திரங்களையும் ஆட்களையும் தங்கவயலுக்குள் கொண்டுவந்த தண்டவாளம், இன்று விடியற்காலையில் ஆட்களை வெளியே கொண்டுபோகிறது.

இப்பயணத்தின் அளவை ஓர் எளிய கணக்கால் காணலாம். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், மாதம் 25 நாள் என்று கொண்டால், ஆண்டுக்கு 1,500 மணி நேரம் வழியில் கழிகிறது. அது 62 முழு நாள்களுக்கும் மேல். இருபது ஆண்டுகள் இவ்வாறு உழைத்தவர் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை, இரவும் பகலும் சேர்த்த முழுக் காலத்தை, வண்டிக்குள் வாழ்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் மனிதர் உறங்குகிறார், உண்கிறார், படிக்கிறார், சீட்டாடுகிறார், காய்கறி நறுக்குகிறார், கடன் கேட்கிறார், பெண் பார்க்கும் செய்தி பேசுகிறார். வீட்டுக்குள் நிகழவேண்டிய பலவும் பெட்டிக்குள் நிகழ்கின்றன. எனவே தங்கவயலின் ரயிலைப் போக்குவரத்து என்ற தலைப்பின் கீழ் மட்டும் வைத்துப் பேசுவது போதாது. அது குடியிருப்பின் ஒரு பகுதி. இந்தப் பார்வை ஏற்கப்பட்டால் சில கேள்விகள் புதிதாக எழும்.

அவற்றுள் முதன்மையானது, தொழிலாளி உறங்கும் இடத்துக்கான செலவை யார் ஏற்கிறார் என்பது. சுரங்கக் காலத்தில் அதை நிறுவனம் ஏற்றது. தட்டிக் குடிசையானாலும் பின்னர் வந்த லைன் வீடானாலும், குழியருகே ஆட்களைத் தங்கவைப்பது அதன் தேவை. அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாகக் காண இடமில்லை. குறுகிய அறை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம், எப்போதும் கண்காணிப்பு என்பவையும் அதோடு சேர்ந்தே வந்தன. தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்யும் முறையை நிறுவனம் புகுத்த முயன்றபோது 1930இல் மாபெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. ஜானகி நாயரின் ஆய்வுகள் இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கின்றன. நிறுவனம் தந்த வீடு நிழலாகவும் இருந்தது, கட்டுப்பாடாகவும் இருந்தது. ஆயினும் உழைப்பவர் எங்கேனும் தங்கியாக வேண்டும், அது உற்பத்திச் செலவின் ஒரு பகுதி என்ற உண்மையை அந்த ஏற்பாடு மறைக்கவில்லை.

வண்டி அந்த உண்மையை மறைக்கிறது. அமேசான் நிறுவனம் 'கேம்ப்பர்ஃபோர்ஸ்' என்ற பெயரில் பல ஆண்டுகள் நடத்திய திட்டத்தை ப்ரூடரின் நூல் விவரிக்கிறது. பண்டிகைக் கால நெரிசலின்போது கிடங்குகளில் வேலை செய்ய, வண்டிகளில் வாழ்வோர் வரவழைக்கப்பட்டார்கள். பருவம் முடிந்ததும் வீட்டோடு கிளம்பிப் போனார்கள். வீட்டைத் தன்னோடு சுமந்துவரும் தொழிலாளிக்கு நிறுவனம் வீடு கட்ட வேண்டியதில்லை. பெங்களூரின் நிலை இதன் மறுபக்கம். வீட்டைத் தொலைவில் விட்டுவிட்டு வரும் தொழிலாளிக்கு நகரம் இடம் ஒதுக்க வேண்டியதில்லை. அவருடைய தண்ணீர், கழிவு, முதுமை, நோய், பிள்ளைகளின் படிப்பு ஆகிய அனைத்தும் வேறொரு நகராட்சியின் கணக்கில் சேர்கின்றன. அந்த நகராட்சியோ சுரங்கம் மூடியபின் வருவாய் வற்றிய ஒன்று. உழைப்பின் பலன் ஓரிடத்திலும் உழைப்பைப் பேணும் செலவு ஓரிடத்திலும் பிரிந்துகிடக்கின்றன. இரண்டையும் இணைப்பது ஒரு ரயில் பாதை.

மொழியின் சான்றும் இங்கே பயன்தரும். தினமும் வேலைக்குப் போய்வருபவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'கம்யூட்டர்', பயணத்திலிருந்து பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில்களில் பல நாள் கட்டணங்களைச் சேர்த்துக் குறைத்து விற்ற சலுகைச் சீட்டிலிருந்து அது பிறந்தது. கட்டணக் குறைப்பே அச்சொல்லின் வேர். இந்திய ரயில்வேயின் மாதச் சீசன் சீட்டும் அதே தருக்கத்தில் இயங்குகிறது. இரண்டாம் வகுப்பில் 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணத்தைச் செலுத்தினால் மாதம் முழுவதும் போய்வரலாம். 150 கிலோமீட்டர் வரையுள்ள தொலைவுக்கு அது கிடைக்கும். மாதத்தில் 50 பயணம் செய்பவர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செலுத்துகிறார். பெங்களூரில் வீட்டு வாடகையோடு பத்து மாத முன்பணம் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அத்தொகையைத் திரட்ட இயலாதவருக்கு இந்தச் சீட்டே வாடகை ஒப்பந்தம். நடைமுறையில் இந்திய அரசு ஏழை உழைப்பாளருக்கு வழங்கிவரும் மிகப் பெரிய வீட்டு உதவிகளுள் சீசன் சீட்டும் ஒன்று. ஆனால் வீட்டு வசதிக் கொள்கையைப் பேசும் ஆவணங்களில் அதைத் தேடிப் பயனில்லை. அது ரயில்வேயின் நட்டக் கணக்கில் ஒரு வரியாகவே கிடக்கிறது.

தமிழில் வீட்டைவிட்டுப் புறப்படுபவர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை; 'போய் வருகிறேன்' என்கிறார். திரும்புவேன் என்ற உறுதி அந்த விடைபெறலுக்குள்ளேயே இருக்கிறது. குடிபெயர்தல் வேறு, போய் வருதல் வேறு. வேலெண்டைன் டேனியல் 1984இல் வெளியான தம் நூலில், கிராமம் என்பது நிர்வாகம் வரையறுக்கும் எல்லை என்றும், ஊர் என்பது பேசுபவரின் இடத்திலிருந்து பொருள்கொள்ளும் சொல் என்றும் வேறுபடுத்திக் காட்டினார். தங்கவயல் தமிழர்களுக்கு அந்தப் பொருள் ஒரு நூற்றாண்டில் இடம் மாறியது. பாட்டன் பாட்டியின் ஊர் ஆர்க்காட்டுப் பக்கம் இருந்தது. பேரப் பிள்ளைகளின் ஊர் சயனைடு மண்மேடுகளுக்கு அருகே இருக்கிறது. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின்னர் ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் நடத்தப்பட்ட இடம் அது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வேரூன்றிய மண் அது. கோயிலும் தேவாலயமும் கல்லறையும் சங்கக் கட்டடமும் உள்ள இடத்தை விட்டு எளிதில் எவரும் குடிபெயர்வதில்லை. வேலை இல்லாத ஊரையும் ஊராகவே வைத்துக்கொள்ள அவர்கள் கண்ட வழிதான் போய் வருதல்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். மாலையில் தன் வீட்டுக்குத் திரும்புபவரை வண்டியில் வாழ்பவரோடு ஒப்பிடுவது பொருந்தாது, வேனில் உறங்குபவருக்கு முகவரியே கிடையாது என்று சொல்லலாம். இது வலுவான ஆட்சேபம். வண்டியில் முழுநேரமும் வாழும் அமெரிக்கர்களுக்கு முகவரி ஒரு தீராத சிக்கல். ஓட்டுநர் உரிமம், காப்பீடு, வரி, வாக்கு ஆகிய எல்லாம் ஒரு நிலையான இருப்பிடத்தைக் கேட்கின்றன. அதனால் பலர் தெற்கு டகோடா போன்ற மாநிலத்தில் ஓர் இரவு தங்கியதற்கான ரசீதைக் காட்டி, அஞ்சல் சேவை நிலையமொன்றின் முகவரியைத் தம் முகவரியாகப் பெறுகிறார்கள். அவர்களுக்குத் தாளில் மட்டும் வீடு உண்டு. தங்கவயல்காரருக்கு மெய்யாகவே வீடு உண்டு. குடும்ப அட்டையும் வாக்கும் உண்டு. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் அந்த வீட்டில் இருக்க அவருக்கு வாய்ப்பில்லை. ஒருவரிடம் இருப்பிடம் இல்லை. மற்றவரிடம் இருக்கும் நேரம் இல்லை. இரு குறைகளும் சமமானவை அல்ல. ஆயினும் வீடு என்பது இடமும் நேரமும் சேர்ந்தது என்பதால், நேரக் குறையையும் குடியிருப்புக் குறையாகவே கணக்கிட வேண்டும்.

கணக்கிடும் முறைகளோ இதற்கு ஏற்றவையாக இல்லை. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு பிறந்த இடத்தையும் கடைசியாக வசித்த இடத்தையும் கேட்டுப் புலம்பெயர்ந்தோரை வகைப்படுத்துகிறது. தங்கவயலில் பிறந்து, அங்கேயே உறங்கி, பெங்களூரில் உழைப்பவர் அந்த வகைக்குள் வரமாட்டார். 2011 கணக்கெடுப்பு, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற தொழிலாளரிடம் வேலையிடத்தின் தொலைவையும் பயண முறையையும் கேட்டது பெரிய முன்னேற்றம். ஆனால் அதன் அட்டவணையில் இறுதி வகை '51 கிலோமீட்டரும் அதற்கு மேலும்' என்பதே. 55 கிலோமீட்டர் செல்பவரும் தங்கவயல்காரரும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது கேட்கவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு நேரத்தைக் கேட்டது. ஆனால் அதன் முடிவுகள் மாநில அளவில் வெளியாகின்றன. ஒரு சிறு நகரத்தின் நிலை அதில் தெரியாது. தொலைவைக் கேட்ட ஆவணம் நேரத்தைக் கேட்கவில்லை. நேரத்தைக் கேட்ட ஆவணத்தில் ஊர் தெரியவில்லை.

இது வெறும் வகைப்பாட்டுச் சிக்கல் அன்று என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. 2020 மார்ச் இறுதியில் பயணிகள் ரயில் சேவை நாடெங்கும் நிறுத்தப்பட்டது. பின்னர் ரயில்கள் படிப்படியாகத் திரும்பியபோது முன்பதிவில்லாச் சீட்டும் சீசன் சீட்டும் உடனே திரும்பவில்லை. சாதாரணப் பயணி ரயில்கள் பலவும் சிறப்பு ரயில், விரைவு ரயில் என்ற பெயர்களில் ஓடின. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாயிற்று. 2024இல்தான் பழைய கட்டணம் மீண்டது. இந்த முடிவுகள் ரயில்வேயின் நிர்வாக முடிவுகளாக எடுக்கப்பட்டன. வாடகை வீட்டிலிருந்து ஒருவரை வெளியேற்ற முன்னறிவிப்பு தேவை; நீதிமன்றத்தை நாடவும் இயலும். ஒரு சீட்டு செல்லாது என்று அறிவிப்பதற்கு அத்தகைய தடை ஏதும் இல்லை. வண்டியைச் சார்ந்து வாழ்வோரின் குடியிருப்பு உரிமை எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ரயில் பெட்டியில் உருவாகும் நட்பையும் கூட்டுணர்வையும் புகழ்ந்தெழுதும் போக்கு ஒன்றும் உண்டு. அந்த நட்பு உண்மையானது. நிலத்தடியில் ஒருவரையொருவர் நம்பி உழைத்த சமூகம், தன் பிணைப்பைப் பெட்டிக்குள்ளும் காத்துவருவதில் வியப்பில்லை. ஆனால் அதைக் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்வது, வேனில் தெரியும் சூரியோதயத்தைப் படமெடுத்துவிட்டு எம்பயரின் பூட்டிய வீடுகளை மறப்பதற்கு ஒப்பாகும். நெருக்கடியைத் தாங்கிய மக்களின் திறமையைப் பாராட்டுவது, நெருக்கடியை அப்படியே விட்டுவைக்கக் காரணமாகிவிடக் கூடாது. பெண்களைப் பொறுத்தவரை இது இன்னும் கூர்மையான கேள்வி. விடியலுக்கு முன் சமைத்துவிட்டுக் கிளம்பி, இருட்டிய பின் திரும்பி மீண்டும் அடுப்பருகே நிற்பவருக்கு, பெட்டியில் காய் நறுக்கும் அந்த நேரம் ஓய்வா, வேலையா? எந்தக் கணக்கில் அது சேரும்?

ஆகவே செய்யத்தக்கவை சில உள்ளன. தொலைவோடு நேரமும் கணக்கெடுப்பில் பதிவாகி, நகர அளவில் வெளியாக வேண்டும். சீசன் சீட்டை வீட்டு வசதி உதவியாகவும் அங்கீகரித்து, போதிய அறிவிப்பும் மாற்று ஏற்பாடும் இன்றி அதை நிறுத்த முடியாதபடி விதி வகுக்க வேண்டும். பல மணி நேரம் மக்கள் வாழும் பெட்டி என்ற கணக்கில் தண்ணீர், கழிவறை, விளக்கு, பெண்களுக்கான இடம், நேரம் தவறாமை ஆகியவை தீர்மானிக்கப்பட வேண்டும். தங்கவயல் உழைப்பால் பயன்பெறும் பெருநகரம், அவ்வூரின் தண்ணீருக்கும் மருத்துவமனைக்கும் பங்களிக்கும் நிதி ஏற்பாடு விவாதிக்கப்பட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, லைன் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்வோரின் உரிமை ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்பட வேண்டும். வீடு உறுதியாக இருக்கும்வரைதான் போய் வருதலில் வருதலுக்குப் பொருள் இருக்கும்.

ஆய்வு மாணவர்களுக்கும் இங்கே வேலை காத்திருக்கிறது. தங்கவயலைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சுரங்கத்தின் வரலாற்றோடு 2001இல் முடிந்துவிடுகின்றன. 2018இல் வெளியான திரைப்படம் ஒன்று அவ்வூரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. அதுவும் சுரங்கக் காலத்தைக் கற்பனையாகக் காட்டியதே. மூடலுக்குப் பிந்தைய கால் நூற்றாண்டு ஒரு முழுத் தலைமுறையின் காலம். சுரங்கத்தில் ஒருநாளும் இறங்காமல், ரயிலில் வளர்ந்து, ரயிலிலேயே நடுவயதை எட்டும் மக்கள் அங்கே இருக்கிறார்கள். நகர ஆய்வாளர் அவர்களைப் பெங்களூரில் காண்பதில்லை. ஊரக ஆய்வாளர் பகலில் அவர்களை ஊரில் காண்பதில்லை. அவர்களைச் சந்திக்க விரும்புவோர் மாரிக்குப்பத்தில் விடியற்காலை வண்டியைப் பிடிக்க வேண்டும்.